விபத்து நடந்த நாளின் பொறுப்பு: வாகனக் காப்பீட்டு வரலாறும் ஒரு கையொப்பத்தின் அமானிதமும்



நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் ஊராட்சிகள் யாவும் 'நாடு' என்ற பழம்பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றன. வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு என்னும் அவ்வரிசையில் பெரக்கரை நாடும் ஒன்று. மிளகும் காப்பியும் வாழையும் விளையும் இம்மலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறுவோர் சோளக்காட்டை அடையுமுன் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். நாமக்கல், இராசிபுரம், சேலம் பகுதிகளிலிருந்து விடுமுறை நாள்களில் குடும்பத்தோடு மலையேறும் நம்மவர்களும் இப்பாதையை நன்கறிவர்.

இத்தகைய பாதையில் ஒரு விபத்து நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கி வந்த கார் ஒரு வளைவில் தடம் புரண்டு, எதிரே இருசக்கர வாகனத்தில் வந்த பெரக்கரை நாட்டு விவசாயி ஒருவரைக் காயப்படுத்திவிடுகிறது. கார் பட்டறையில் நிற்கிறது. சர்வேயர் பார்த்துச் சென்றிருக்கிறார். பணம் இன்னும் வரவில்லை. காயமுற்றவர் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்திருக்கிறார். இதற்கிடையில் பாலிசியின் ஓராண்டுக் காலம் முடிவடைகிறது. வேறொரு நிறுவனம் குறைந்த பிரீமியத்தில் பாலிசி தர முன்வருகிறது. அப்போது குடும்பத் தலைவரின் உள்ளத்தில் இரு கேள்விகள் எழுகின்றன. விலகிச் சென்றால் பழைய நிறுவனம் நம் கிளைமைக் கைவிட்டுவிடுமோ? புதிய நிறுவனத்திடம் இவ்விபத்தைச் சொல்லத்தான் வேண்டுமா?

முதல் கேள்விக்கு விடை: கைவிட முடியாது. இரண்டாம் கேள்விக்கு விடை: கட்டாயம் சொல்ல வேண்டும். இவ்விரு விடைகளும் எவ்வாறு உருவாயின என்பதற்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தவர்க்கு அச்சமும் குறையும். பொய்யுரைக்கும் சபலமும் குறையும்.

ஈட்டுத்தொகையின் பழைய வடிவம்

தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டாலோ, ஓர் உறுப்புச் சேதமுற்றாலோ, அதற்குரிய ஈட்டைத் தனியொருவர் சுமக்க இயலாது என்பதை இஸ்லாமியச் சட்டம் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. 'தியத்' என்னும் ஈட்டுத்தொகையைக் குற்றமிழைத்தவரின் ஆண்வழி உறவினர் கூட்டம் பகிர்ந்து செலுத்தும் முறைக்கு 'ஆகிலா' என்று பெயர். மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏற்படுத்திய உடன்படிக்கையிலும், ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தம் ஈட்டுப் பொறுப்பைத் தாமே ஏற்கும் ஏற்பாடு இடம்பெற்றிருந்தது. சுமை பகிரப்பட்டது, ஆயினும் பாதிக்கப்பட்டவரின் உரிமை ஒருபோதும் தள்ளுபடி செய்யப்படவில்லை.

வணிக முறையிலான காப்பீடு முஸ்லிம் அறிஞர்களின் கவனத்துக்கு வந்தது பிற்காலத்தில்தான். திமிஷ்கைச் சேர்ந்த ஹனஃபி மத்ஹபு அறிஞர் இப்னு ஆபிதீன் (1784–1836), ஐரோப்பிய வணிகர்களின் கடற்காப்பீட்டை 'சவ்கரா' என்ற பெயரால் குறிப்பிட்டு ஆராய்ந்தார். அழிந்த சரக்குக்கு அவ்வொப்பந்தத்தின் பேரில் ஈடு பெறுவது ஆகாது என்பது அவரது பொது முடிவு. 1985இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நிலையான பிரீமியம் செலுத்தும் வணிகக் காப்பீட்டில் பெரும் நிச்சயமின்மை உள்ளதெனக் கூறி அதை ஏற்க மறுத்தது. அதற்கு மாற்றாகக் கூட்டுறவுக் காப்பீட்டைக் காட்டியது. சூடானில் 1979இலும், மலேசியாவில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியும், இலங்கையில் 1999இலும் 'தகாஃபுல்' அமைப்புகள் தோன்றின. இந்தியாவில் அதற்கெனத் தனிச் சட்டம் இல்லை.

ஆதலால் இந்நாட்டில் வாகனம் வைத்திருக்கும் முஸ்லிம், சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் காப்பீட்டை எடுத்தே ஆக வேண்டிய நிலையில் இருக்கிறார். நிர்ப்பந்தம் கருதி அதற்கு உலமாக்கள் பலர் இடமளித்துள்ளனர். விருப்பத்தின் பேரில் எடுக்கும் சொந்தச் சேதக் காப்பீட்டைக் குறித்துக் கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றைத் தத்தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நலம். எவ்வகைப் பாலிசியாயினும், கையொப்பமிட்ட பின் அதிலுள்ள வாக்கு நம் வாக்கு. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயம் தன் முதல் வசனத்திலேயே ஈமான் கொண்டோரை ஏவுகிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

சுமத்ராவில் வீழ்ந்த கோட்டை

காப்பீட்டில் உண்மையுரைத்தல் என்னும் கடமை சட்ட வடிவம் பெற்ற வழக்கு, நம் முன்னோர் மரக்கலம் செலுத்திய கீழைக்கடலோடு தொடர்புடையது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பெங்கூலன் என்னுமிடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மார்ல்பரோ கோட்டை இருந்தது. அதன் ஆளுநர் கார்ட்டர், ஐரோப்பியப் பகைவர் எவரேனும் கோட்டையைக் கைப்பற்றினால் ஈடு கிடைக்குமாறு இலண்டனில் காப்பீடு செய்தார். 1760இல் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்துவிட்டது. கோட்டையின் பலவீனத்தை ஆளுநர் மறைத்துவிட்டார் என்று கூறிக் காப்பீடு அளித்தவர் பணம் தர மறுத்தார்.

1766இல் நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு பிரபு இவ்வழக்கில் அளித்த தீர்ப்பு இன்றளவும் உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. தனக்கு மட்டும் தெரிந்த முக்கியச் செய்தியை ஒருவர் மறைத்தால் காப்பீட்டு ஒப்பந்தம் நிலைக்காது என்று அவர் விதி வகுத்தார். அதே வேளையில் அக்கடமை இருதரப்பாருக்கும் உரியது என்றார். கோட்டையின் நிலையை இலண்டனில் இருந்தபடியே அறிந்துகொள்ளும் வாய்ப்பு காப்பீடு அளித்தவருக்கு இருந்தது. அவ்வாறிருக்கப் பிரீமியத்தைப் பெற்றுக்கொண்டு, இழப்பு நேர்ந்த பின் மறுப்பது முறையன்று. தீர்ப்பு கார்ட்டருக்கே சாதகமாயிற்று. 'உச்சபட்ச நல்லெண்ணம்' என்று காப்பீட்டுச் சட்டம் பேசும் கோட்பாட்டுக்கு வேர் இத்தீர்ப்பே. நம் கொல்லிமலைக் காரின் பாலிசிப் படிவத்தில் கையொப்பமிடும் இடத்துக்கும் இக்கோட்பாடே அடிப்படை.

விபத்து நாளே அளவுகோல்

பிரிட்டனில் 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் அதே விதியைக் கொண்டிருந்தது. அது 1946 ஜூலை 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. 1956ஆம் ஆண்டுத் திருத்தம், விபத்து இழப்பீட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க வழிசெய்தது. பின்னர் 1988ஆம் ஆண்டுச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தில் 1989 ஜூலை 1 முதல் அமர்ந்தது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால், பாதிக்கப்பட்டவர் தாம் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம் என்ற வசதி பிறந்தது. வெளியூர்க் கார் மோதினாலும் பெரக்கரை நாட்டவர் அந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

இச்சட்டங்கள் அனைத்தின் ஊடாகவும் ஓர் எளிய விதி ஓடுகிறது: விபத்து நடந்த நாளில், நடந்த நேரத்தில் எந்த நிறுவனத்தின் பாலிசி உயிரோடு இருந்ததோ, அந்நிறுவனமே பொறுப்பாளி. வழக்கு எத்தனை ஆண்டு நீண்டாலும், வாகனம் அதன்பின் எத்தனை நிறுவனங்களுக்கு மாறினாலும் அப்பொறுப்பு நகர்வதில்லை. பிரீமியம் வாங்கியது அந்தக் காலத்தின் ஆபத்துக்காக; அந்தக் காலத்தில் ஆபத்து நேர்ந்துவிட்டது; கடன் அப்போதே பிறந்துவிட்டது. பிறந்த கடன், கொடுக்கல் வாங்கல் நின்றுபோனதால் அழிவதில்லை. நம் மார்க்கச் சட்டத்திலும் இதுவே நியதி.

1973: நாடே நிறுவனம் மாறிய நாள்

இவ்விதியின் உறுதியைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று இந்திய வரலாற்றில் உண்டு. 1971 மே 13 அன்று மத்திய அரசு பொதுக் காப்பீட்டு நிறுவனங்களின் நிர்வாகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1972இல் சட்டம் இயற்றி, 1973 ஜனவரி 1 முதல் இத்துறையை நாட்டுடைமையாக்கியது. அதுவரை இயங்கிய 107 காப்பீட்டாளர்கள் நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்னும் நான்கு நிறுவனங்களுக்குள் அடங்கினர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா 1938இல் தோன்றியது. நாட்டுடைமைக்குப் பின் தென்னகத்தின் பல நிறுவனங்களின் வணிகம் அதனோடு இணைந்தது.

அன்று பட்டறையில் நின்ற கார்களும், தீர்ப்பாயத்தில் நிலுவையில் இருந்த மனுக்களும் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றின் உரிமையாளர்கள் யாரும் நிறுவனம் மாறக் கேட்கவில்லை, அரசே மாற்றிவிட்டது. ஆயினும் நிலுவைக் கடமைகள் காற்றில் விடப்படவில்லை. சொத்துகளைப் பெற்றுக்கொண்ட புதிய அமைப்பே கடன்களையும் பெற்றுக்கொண்டது. அண்மைக் காலத்திலும் இதுவே நடைமுறை: 2021இல் பாரதி ஆக்சாவின் பொதுக் காப்பீட்டு வணிகம் ஐசிஐசிஐ லம்பார்டோடு இணைந்தபோது பழைய பாலிசிகளின் பொறுப்பும் உடன் சென்றது. நிறுவனமே மறைந்தாலும் பொறுப்பு தொடரும் எனில், வாடிக்கையாளர் அடுத்த ஆண்டு வேறிடம் சென்றதற்காக அது எப்படி அறுந்துபோகும்?

தேர்வுரிமையும் கையொப்பமும்

நான்கு அரசு நிறுவனங்களும் ஒரே விலைப்பட்டியலும் இருந்த காலத்தில் நிறுவனம் மாறுவதால் பெரும் ஆதாயம் இல்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ஒழுங்குமுறை ஆணையம் அமைந்து, 2000ஆம் ஆண்டில் தனியாருக்குக் கதவு திறந்தது. அவ்வாண்டு அக்டோபரில் உரிமம் பெற்ற முதல் தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனம் சென்னையின் ராயல் சுந்தரம். 2007 ஜனவரி 1 முதல் சொந்தச் சேதப் பிரீமியத்தை நிறுவனங்களே வகுத்துக்கொள்ளும் உரிமை பெற்றன. மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் அரசின் கட்டுப்பாட்டிலேயே நீடித்தது. லாரிக் கூண்டு கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில், அந்தப் பிரீமியத்தின் ஏற்ற இறக்கம் வீட்டுக்கு வீடு பேசப்படும் செய்தி.

விலை வேறுபட்டதும் மக்கள் ஆண்டுதோறும் நிறுவனம் மாறத் தொடங்கினர். அப்போதுதான் 'நோ கிளைம் போனஸ்' என்னும் சலுகை முக்கியத்துவம் பெற்றது. கிளைம் இல்லாத முதல் ஆண்டுக்குப் பின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி. தொடர்ந்து 25, 35, 45 என உயர்ந்து ஐந்தாண்டு முடிவில் 50 விழுக்காடு. இச்சலுகை வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. ஆகவே நிறுவனம் மாறினாலும் அவரோடு செல்லும். கிளைம் செய்துவிட்டால் அது பூச்சியத்துக்குத் திரும்பும்.

2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் விலைப்பட்டியல் இதற்கான விதியை நுணுக்கமாக எழுதியது. முந்தைய முழு ஆண்டில் கிளைம் செய்யப்பட்டிருக்கவும் கூடாது, நிலுவையில் இருக்கவும் கூடாது என்பது அதன் நிபந்தனை. 'நிலுவை' என்ற அச்சொல்தான் நம் குடும்பத் தலைவரின் நிலையைத் தீர்மானிக்கிறது. "இன்னும் பணம் வரவில்லையே, ஆகவே கிளைம் இல்லை என்றே எழுதலாமே" என்ற வாதம் அங்கே அடிபட்டுப் போகிறது.

பழைய நிறுவனத்தின் சான்று கைவசம் இல்லாதவர் தாமே உறுதிமொழி அளித்துச் சலுகை பெறலாம் என்றும் அப்பட்டியல் இடமளித்தது. முடியும் பாலிசியில் கிளைம் எழவில்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். அது பொய்யெனத் தெரியவந்தால் சொந்தச் சேதப் பிரிவின் பலன்கள் அனைத்தும் பறிபோகும் என்பதையும் அதே கையொப்பத்தால் ஏற்க வேண்டும். மறுபுறம் புதிய நிறுவனத்துக்கும் கடமை விதிக்கப்பட்டது: பாலிசி அளித்த 21 நாள்களுக்குள் பழைய நிறுவனத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்; அந்நிறுவனம் கடிதம் கண்ட 30 நாள்களுக்குள் விடையளிக்க வேண்டும். மேன்ஸ்ஃபீல்டு பிரபு சொன்ன இருதரப்புக் கடமை, 236 ஆண்டுகளுக்குப் பின் இந்திய விதிநூலில் இவ்வாறு உருப்பெற்றது.

விசாரிக்கத் தவறிய நிறுவனம் பின்னர் கிளைமை முழுவதுமாக மறுக்கலாமா என்ற கேள்வியில் நுகர்வோர் ஆணையங்களின் தீர்ப்புகள் ஒரே திசையில் அமையவில்லை. நீதிமன்றத்தில் தப்பலாம் என்ற நம்பிக்கையில் பொய் எழுதுவோர் இதை நினைவிற்கொள்ள வேண்டும். மேலும், 2009இல் நிறுவப்பட்ட காப்பீட்டுத் தகவல் பணியகம் பாலிசி, கிளைம் விவரங்களை நாடு முழுவதிலிருந்தும் திரட்டி வருகிறது. மறைத்தது வெளிப்பட இன்று அதிக காலம் ஆவதில்லை.

ஆதாயக் கணக்கையும் பார்ப்போம். சொந்தச் சேதப் பிரீமியம் 12,000 ரூபாய் என்று கொள்வோம். பொய்யுறுதி அளித்து 50 விழுக்காடு தள்ளுபடி பெறுபவருக்கு மிச்சம் 6,000 ரூபாய். அடுத்த விபத்தில் 3,00,000 ரூபாய்ச் சேதம் நேர்ந்து, பொய் வெளிப்பட்டால் அத்தொகை முழுவதும் ஆபத்துக்குள்ளாகிறது. உலகக் கணக்கே இவ்வாறிருக்க, மறுமைக் கணக்கைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு காருக்கு இரு நிறுவனங்கள்

அண்மைய மாற்றத்துக்குக் காரணமான வழக்கு நம் மாநிலத்தவர் ஒருவருடையது. கோயம்புத்தூர் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்து மரணங்களைக் குறைக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தில் 2012இல் பொதுநல மனுத் தொடுத்தார். அவ்வழக்கில் 2018இல் பிறந்த உத்தரவின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டும், புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்தாண்டும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாயிற்று. அடுத்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் சொந்தச் சேதக் காப்பீட்டைத் தனியே வாங்கும் வசதி வந்தது. ஆகவே ஒரே காருக்கு மூன்றாம் நபர் பொறுப்பு ஒரு நிறுவனத்திடமும், சொந்தச் சேதப் பொறுப்பு மற்றொன்றிடமும் இருக்கலாம். விபத்து நேர்ந்தால் எந்தப் பாலிசி எதற்கு என்று பிரித்தறிந்து இருவருக்கும் தெரிவிக்க வேண்டும்.

மலைப்பாதைக் குடும்பம் செய்யத்தக்கது

இனி அக்குடும்பத்துக்குத் திரும்புவோம். பாலிசி முடியும் நாளில் நிறுவனம் மாறலாம், தடையில்லை. காலம் முடியுமுன்பே பாலிசியை ரத்துச் செய்யலாமா எனில், செய்யலாம். ஆனால் கிளைம் நிகழ்ந்த பாலிசிக்கு மீதிப் பிரீமியம் திரும்பி வராது. எனவே முடிவு நாள்வரை காத்திருப்பதே மேல்.

பழைய பாலிசியின் நகல், கிளைம் எண், சர்வேயரின் கடிதங்கள், முதல் தகவல் அறிக்கையின் நகல், பட்டறை ரசீதுகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் பாதுகாக்க வேண்டும். தீர்ப்பாய அறிவிப்பு எப்போது வந்தாலும், விபத்து நாளில் பொறுப்பேற்றிருந்த பழைய நிறுவனத்துக்கு உடனே அனுப்ப வேண்டும். புதிய நிறுவனத்துக்கு அனுப்பிக் காலத்தை வீணாக்கலாகாது.

புதிய நிறுவனத்திடம் விபத்தையும் நிலுவைக் கிளைமையும் எழுத்தில் தெரிவித்து, போனஸ் பூச்சியம் என்றே பாலிசி எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள சேதத்துக்குப் புதிய பாலிசி பொறுப்பேற்காது. ஆதலால் பழுது நீக்கிய பின் காரைப் பரிசோதனைக்குக் காட்டுவது சிக்கலைத் தவிர்க்கும். இடையில் ஒரு நாளும் காப்பீடின்றிக் கார் சாலைக்கு வரலாகாது. அவ்வாறு ஓட்டினால் முதன்முறை 2,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதனினும் பெரிது, அந்நாளில் மற்றொருவர் அடிபட்டால் அவருக்குரிய ஈட்டை நம் குடும்பமே சுமக்க நேரும்.

விலகியதைக் காரணம் காட்டிப் பழைய நிறுவனம் இழுத்தடித்தால், அதன் குறைதீர் அலுவலருக்கு முதலில் எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு கிடைக்காவிடில் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 1998இல் உருவான இவ்வமைப்பு தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் பொதுவானது. சொந்தச் சேதக் கிளைமுக்கே இவ்வழி. காயமுற்றவரின் இழப்பீட்டை முடிவு செய்வது தீர்ப்பாயம்தான்.

இறுதியாக ஒன்று. பட்டறையில் நிற்கும் காரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கையில், காயமுற்றுக் கிடக்கும் அந்த விவசாயியை மறந்துவிடலாகாது. மிளகுக் கொடி ஏறிப் பறிக்க வேண்டிய கை கட்டுப்போட்டு இருக்கிறது. அவருக்குச் சேர வேண்டிய ஈடு ஹக்குல் இபாத், அதாவது அடியார்க்கு அடியார் செலுத்த வேண்டிய உரிமை. அதை நாம் சரியான நேரத்தில் சரியான நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும், தீர்ப்பாயத்தில் நடந்ததை நடந்தபடி சொல்வதும் அவ்வுரிமையைச் சேர்ப்பிக்கும் வழிகள். முன்பு ஆகிலா சுமந்த பொறுப்பை இன்று ஒரு பாலிசித் தாள் சுமக்கிறது. அத்தாளில் நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் அமானிதம்.

நம் பயணங்களை அல்லாஹ் பாதுகாப்பானாக. நம் நாவையும் கையொப்பத்தையும் உண்மையின் மீது நிலைநிறுத்துவானாக. ஆமீன்.